கோடையில் புறப்படுகிறவன்

லூயிஸ் தீவு,
மே மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எஃபி அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் வாசித்தபோது அம்மா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அண்ணன் பேரை வைக்கட்டுமா என்று நீ கேட்ட வரியில் அவள் ஊசிகள் நின்றன. அதைத்தான் முதலில் கவனித்தேன். நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பச்சை உடம்போடு இருக்கும் நீயும் பிள்ளையும் அந்தக் கனடாவில் நலமாக இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. வேதம் வாசிக்கிறவளுக்கு எழுத வராததால் வழக்கம்போல அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, அடுப்புக்கு வெட்டிப் போட்ட சதுப்புமண் கட்டிகள் காயவே இல்லை. அண்ணன் படகோடு கடலில் போன பிறகு அந்த வேலை அப்பாவுக்கும் எனக்கும்தான், நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதற்குத்தான். அம்மா ஆடுகளைப் பார்க்கப் போனால் வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால், "அலுப்பா இருக்குடி, வேற ஒண்ணுமில்ல" என்கிறாள்.

இறந்தவன் பேர் அடுத்துப் பிறக்கிற பையனுக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நீ பெற்ற செய்தி வந்த அன்றே பக்கத்து வீட்டு கர்ஸ்டி, "சின்ன சோவர்லி எப்படி இருக்கான்?" என்று வாசலில் வந்து நின்றாள். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். உன் மாமியார் "இது பேரா, இருமலா?" என்று கேட்டதாக நீ எழுதியதற்கு அப்பா மட்டும் சிரித்தார். மாமியாரிடம் சொல், இது அந்தக் காலத்தில் நார்வேக்காரர்கள் கொண்டுவந்த பேர், கோடையில் கப்பலேறிப் புறப்படுகிறவன் என்று பொருள், நம்மவர் வாயில் புழங்கிப் புழங்கி இப்படி ஆனது. "குளிர் வந்தா வீடு திரும்பிடுவானுங்க, அதான் கோடைன்னு பேரு" என்றார் அப்பா. அம்மா நிமிரவே இல்லை. "போறதத்தான் பேரு சொல்லுது. திரும்பி வர்றது அதுல எங்க இருக்கு?" என்றாள். அண்ணன் போனது ஜூனில். அப்பா எழுந்து அடுப்பைக் கிளறப் போய்விட்டார்.

சாமுவேல் என்று பதிந்துகொள்ளலாம், இரண்டும் ஒன்றுதானே என்கிறாராம் உன் வீட்டுக்காரர். இங்கேயும் ஆபீசில் அப்படித்தான் எழுதுவார்கள், பள்ளிக்கூடத்தில் அண்ணனே சாம்தான். ஆனால் அப்பா, "சாமுவேல் வேதத்துல இருந்து வந்தவன், நம்ம பய கடல்லேருந்து வந்தவன். ரெண்டு பேரும் மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல" என்கிறார். நேற்றுவரை அம்மா சாமுவேல் போதும் என்றுதான் எழுதச் சொன்னாள். இன்று காலை, "சாமுவேல்னா அவன் யாரோ எவனோ. ஆனா உங்க அண்ணன் பேரை வச்சா, என்னிக்காவது உங்க அக்கா பிள்ளையை இங்க கூட்டிட்டு வருவா, இந்த வாசல்ல நின்னு அந்தப் பேரைக் கூப்பிடுவா. அப்ப நான் எங்கடி போறது?" என்றாள்.

பால் குறைந்தால் ஓட்ஸ் கஞ்சி குடி, பிள்ளையின் காதை மூடியே வை. ஞானஸ்நானத்துக்கு அம்மா பின்னிய சால்வை தனிப் பொட்டலமாக வருகிறது, வெந்நீரில் போட்டுவிடாதே. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

கையெழுத்துப் போடப் போனவளை அம்மா நிறுத்தினாள். "வெளிய போய், உங்க அண்ணனைச் சோத்துக்குக் கூப்பிடற மாதிரி ஒரு தடவை கூப்பிடு. என்னால அதைக் கேட்டுத் தாங்க முடிஞ்சா உங்க அக்கா அந்தப் பேரையே வைக்கட்டும்." வேற்றாள் எதிரில் நான் வாய் திறக்காதவள், கர்ஸ்டி வேறு வெளியே கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய்க் கூப்பிட்டேன். "கோழியையா கூப்பிடற? சத்தமா!" என்று அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. கடல் பக்கம் திரும்பி நின்று இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

அம்மா பெக்கிக்காக,
உன் தங்கை மர்டினா