பாலத்தடியில் நின்றுகொண்டிருப்பேன்

இல்லை அண்ணே, இன்னும் நடத்தவில்லை. அந்த ஒரு பாடத்தை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறேன்.

ஆயர் ஈத்தாமில் நான் நடத்தும் ஆங்கில டியூஷன் வகுப்பில் நேற்று ஒரு மாணவி கேட்டாள். "டீச்சர், 'இஃப்' பாடத்துல பாதிதானே முடிச்சோம்? அந்த 'ஐஎன்ஜி' வர்ற பக்கம் எப்ப?" அடுத்த வாரம் என்றேன். மூன்று மாதமாக அடுத்த வாரம்.

உனக்குப் பிடித்த பாடம் அது. மழை பெய்தால் என்பது வேறு, பெய்துகொண்டிருந்தால் என்பது வேறு, ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று சொன்னேன். "இவ்ளோதானா? நம்ம ஊரு மழைக்கு ரெண்டாவதுதான் சரி," என்று சிரித்தாய்.

தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் மெஷின் பார்த்தவன் நீ. சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் இன்டர்வியூ என்றார்கள். தங்கச்சியிடம் வந்து உட்கார்ந்தாய். செவ்வாய், வியாழன், மாலை ஏழு மணி. பிள்ளைகள் போன பிறகு அதே பெஞ்சில், முழங்கால் இடிக்க.

அண்ணியிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வருவாய். "கெடச்சா சொல்லிக்கலாம். கெடைக்கலன்னா அசிங்கம்லா." உன் நோட்டுப் புத்தகம்கூட என் அலமாரியில்தான் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நான் கண்டிப்பானவள். தாமதமாக வந்தால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு முறை வாசலிலேயே நின்றாய். "இங்கிலீஷ்ல கெஞ்சத் தெரியல. தமிழ்ல கெஞ்சினா நீ மார்க் போட மாட்டே. நான் எப்படித்தான் கெஞ்சுறது, டீச்சரம்மா?"

அந்த வியாழக்கிழமை, வேலை முடிவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, உன் செய்தி வந்தது. ஆங்கிலத்தில். வேலை முடியும்போது மழை பெய்துகொண்டிருந்தால், பாலத்தடியில் நின்றுகொண்டிருப்பேன்.

'ஐஎன்ஜி' இரண்டு இடத்திலும் சரி. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

நான் அதைப் பயிற்சி என்று நினைத்தேன் அண்ணே. நீ எனக்குத் தகவல் சொல்லியிருந்தாய். "சென்டென்ஸ் சரி. ஏழு மணிக்கு மேல வந்தா கிளாஸ் இல்ல," என்று பதில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மழை வந்தால் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவார்கள். ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, முகம் துடைத்தபடி, முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக நிற்பார்கள். நீயும் தினமும் நின்றவன். அன்று நிற்கவில்லை.

உன்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் அங்கே ஒதுங்கியிருந்தான். சாவு வீட்டில் அண்ணியிடம் சொன்னான். "நிக்கச் சொல்லிக் கையக் காட்டினேன்க்கா. என்னமோ சொல்லிக்கிட்டே போயிட்டாரு. மழைச் சத்தத்துல கேக்கல." அடுத்த வளைவில் உன் வண்டி சறுக்கியது.

என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரியாது.

முதல் மாதம் அழுதார். இப்போது அழுவதில்லை. கேள்வி கேட்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"அன்னிக்கி ஓவர்டைமே இல்லையாம். ஃபேக்டரியில விசாரிச்சேன்."

உரித்த வெங்காயங்களைக் கிண்ணத்தில் எடுத்துப் போட்டேன்.

"ஆயர் ஈத்தாம் ரோட்டுல அவருக்கு என்னம்மா வேலை? அங்க யாரு இருக்கா?"

நான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்தேன்.

"உங்க அண்ணனுக்கு வேற யாராச்சும்..." பாதியில் நிறுத்திவிட்டார். சுவரில் தொங்கிய உன் படத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். மாலை வாடியிருந்தது. புதுசு போடவில்லை.

பழி என் மேல் வந்துவிடும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அது உன் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதமாக என் பயத்தை நீ சுமந்துகொண்டிருக்கிறாயா?

அந்தப் பாடத்தின் கடைசிப் பகுதி இன்னும் கஷ்டம். நடக்காமல் போனதைச் சொல்லும் வாக்கியங்கள். அவள் அப்படி எழுதாமல் இருந்திருந்தால், அவன் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். போர்டில் முதல் பாதி வரைக்கும் எழுதிப் பார்த்தேன். யாரும் இல்லாத வகுப்பில்தான். அழித்துவிட்டேன்.

உன் இன்டர்வியூ நாளும் வந்து போனது. அன்று மழை இல்லை. நீ தேறியிருப்பாயா? தேறியிருப்பாய். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் முழு மார்க் போட்டேன், தெரியுமா? பதிலில்தான் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

ஒரு வாக்கு தருகிறேன். இனி யார் எனக்கு எதை எழுதினாலும், முதலில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிழை அப்புறம். அண்ணியிடமும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னை வீட்டுக்குள் விடாமல் போனாலும் பரவாயில்லை. உன் படத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

உன்னை வாசலில் நிற்க வைத்த
தங்கச்சி

பி.கு.: இதை எழுதி முடித்ததும் அலமாரியைத் திறந்து உன் நோட்டை எடுத்துக்கொண்டேன். உன் வீடு இருக்கும் சுங்கை பினாங்குக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அண்ணி கதவைத் திறந்தார். போனில் உன் செய்தியையும், அதற்குக் கீழே என் பதிலையும் காட்டினேன்.