நாயின் வேகம்

ஜூன் 4
மகள் கல்லூரிக்காக எழுதிய கேமில் நான்தான் ஹீரோ. தொப்பையும் வழுக்கையுமாக ஓடுகிறேன். பின்னால் நாய் துரத்துகிறது. பள்ளம் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி என்னைக் குதிக்கவைக்க வேண்டும். தாமதித்தால் நாய் கால்சட்டையைக் கவ்வும். "மாடலுக்குச் செலவே இல்ல, வீட்டிலேயே இருந்தார்" என்று எல்லோரிடமும் சொன்னாளாம்.

தசை தளரும் நோய் கால்களை முடித்துவிட்டு இப்போது அவள் விரல்களுக்கு வந்திருக்கிறது. இன்று நாய் என்னைக் கவ்விக்கொண்டே இருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டாள்.

ஜூன் 6
அவள் தூங்கும்போது, கேமை எழுதிவைத்திருந்த ஜாவா கோப்பைத் திறந்தேன். நாயின் வேகம் 9 என்றிருந்தது. 6 ஆக்கி சேவ் செய்தேன். ஃபேன் ரிப்பேர்காரன்தானே, ரெகுலேட்டரைத் திருப்பியதாக நினைப்பு. மாலை பார்த்தால் நாய் பழையபடியே பாய்கிறது.

ஜூன் 7
மாட்டிக்கொண்டேன்.

"ஏம்ப்பா, சேவ் பண்ணா போதுமா? கம்பைல் பண்ண வேணாமா? நீ என்ன மாத்தினாலும் அதுவரைக்கும் கேமுக்குத் தெரியாது. மோட்டார் காயில் சுத்திட்டு ஃபேன்ல மாட்டாம வச்சிருக்கிற மாதிரி!"

சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "நொண்டி நாய்கிட்ட ஜெயிச்சு என்ன பெருமை? ஒம்பதாவே இருக்கட்டும்."

மறுபடி ஒன்பதாக்கினேன். "கடையில ஃபேன் எல்லாம் உங்களுக்காகத் தவம் கெடக்குது, இங்க நாய் மேய்க்கிறீங்களா?" என்றாள் மனைவி.

ஆகஸ்ட் 19
"அப்பா… நாயை ஆறுல விடலாமா?"

அவளாகவே கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒரு அரைப்புள்ளியை விழுங்கிவிட்டேன். கம்பைல் செய்தால் திரை முழுக்கப் பிழை. "ஒரு புள்ளிக்கு இவ்வளவு திட்டா? உங்கம்மாவே தேவலாம்."

"காதுல விழுது!" – சமையலறையிலிருந்து.

இரண்டாம் முறை சரியாக வந்தது. ஜெயித்தாள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஏன் கேட்டா? பிடிவாதமாவே இருந்திருக்கக் கூடாதா?

அக்டோபர் 2
நான்கு.

நவம்பர் 11
இரண்டு. ஒரு விரல்தான் எழும்புகிறது. அரைப்புள்ளியெல்லாம் இப்போது தவறுவதே இல்லை. யாருக்கு வேண்டும் இந்தத் தேர்ச்சி?

டிசம்பர் 20
ஒன்று. நாய் நடந்து வருகிறது. "பாவம்ப்பா, அதுக்கும் வயசாயிடுச்சு" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, காதை அருகில் கொண்டுபோனேன்.

"எனக்கப்புறம் ஒம்பதுக்கே மாத்திடு. என் கேமை யாரும் சப்பைன்னு சொல்லக் கூடாது."

வாயை மூடு என்றேன். அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை.

ஜனவரி 17
இன்று காலை போய்விட்டாள். அவள் கையை அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

பிப்ரவரி 23
கடையைத் திறந்தேன். ஒரு ஃபேனைப் பிரித்து, பழுது பார்க்காமலே திரும்ப மாட்டி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 8
சொன்னபடி கோப்பைத் திறந்தேன். ஒன்றை அழித்து ஒன்பது போட்டேன். அரைப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சேவ் செய்தேன்.

கம்பைல் செய்யவில்லை.

ஓடவிட்டுப் பார்த்தேன். மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாய் நடந்துதான் வந்தது.