எரிகல்லுக்குக் கைதட்டியவர்

அப்பா,

இன்று மாலை வெள்ளவத்தை முழுக்கக் கரண்ட் போனது. மெழுகுதிரி கொளுத்த உரசிய தீக்குச்சியின் மணத்தோடு உங்கள் நினைப்பும் வந்துவிட்டது. இப்போது இருட்டானால் யாரும் பயப்படுவதில்லை. பால்கனியில் நின்று அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள்.

சண்டைக் காலத்தில் அப்படியா? குண்டு போடத் தமிழ் இயக்கத்து விமானம் வருகிறதென்றால் ஊரே அவசரமாக விளக்கை அணைக்கும்.

அன்று நீங்களும் நானும் காய்ந்த உடுப்பு எடுக்க மொட்டைமாடிக்கு ஏறியிருந்தோம். அப்போதுதான் பொழுதுபட்டிருந்தது. கடலுக்கு மேலே பச்சையாக ஒரு நெருப்புருண்டை, வாலை இழுத்துக்கொண்டு, சத்தமேயில்லாமல் போனது. கீழே யாரோ, "பிளேன்! லைட்டை நூருங்கோ!" என்று கத்த, ஒழுங்கை வீடுகள் எல்லாம் இருண்டன. அந்த இருட்டுக்குள் நீங்கள் கைதட்டினீர்கள்.

"பிளேன் இல்லைப் பிள்ளை, எரிகல்! இனி எப்ப காணப்போறம்!"

உங்களுக்கு எதற்கும் கைதட்டல்தான். ரசம் நன்றாக வாய்த்தால், மழை வந்தால், பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால். "உந்தக் கை சும்மா இராதோ?" என்று அம்மா ஏசுவார்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்தது. விமானத்தைக் கண்டு தமிழன் ஒருவன் கைதட்டினான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். எரிகல்லுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரம் ஐயா, நட்சத்திரம் என்று, "தருவக் மாத்தயா, தருவக்" என்று கத்திக்கொண்டே ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். "அம்மாவைத் தனிய விடாதை, போ" என்றீர்கள். நான் உங்கள் வாயால் கேட்ட கடைசி வார்த்தை அது.

முகத்துவாரத்து மீனவர்கள் எரிகல்லைக் கண்டதாகப் பிறகு பேப்பரில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் பொலிஸுக்கு ஓடினோம். உங்களைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்றே நம்பினோம். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் நிதானமாக வாசித்தார்.

"சரி அம்மா, பிளேன் இல்லதான். ஆனா அவர் ஏன் கை தட்டினது?"

"வடிவா இருந்தது ஐயா. வடிவானதைக் கண்டா அவருக்குக் கை நிக்காது" என்றார் அம்மா.

அவர் பேப்பரை மடித்து அம்மாவிடம் நீட்டினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த முறை போனபோது, உங்களை வேறிடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

நல்லதொன்றைக் கண்டால் என் கைகளும் தாமாக எழும்புகின்றன, அப்பா. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இறக்கிவிடுகிறேன்.