ஒரே வரிசையில் குடித்த கஞ்சி

என் பிரியமுள்ள பேச்சி மதினிக்கு,

இங்கே நாலைந்து நாளாக அடைமழை. கரிசல்காட்டுக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி காயவில்லை. வேலை இல்லை என்று பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நூற்றாண்டே மாறிவிட்டது மதினி, கோவில்பட்டியில் மழையோடு பசியும் வருவது மட்டும் மாறவில்லை.

இப்படி ஒரு மழையில்தானே நீங்கள் நம் வீட்டு முற்றத்தில் கஞ்சிப் பானையை ஏற்றினீர்கள்? ஓசிக் கஞ்சிக்கு வந்து நிற்க மானம் இடம் கொடுக்காமல் முதல் நாள் ஒருத்தியும் வரவில்லை. மறுநாள் என்னைத் தரையில் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

"ஏட்டி, நீயும் உக்காந்து குடி. பசிச்சு வந்தவ யாரு, ஊத்த வந்தவ யாருன்னு பாக்கவங்களுக்குத் தெரியக் கூடாது."

குடித்தவள் எழுந்து அடுத்த பந்திக்கு ஊற்றினாள், ஊற்றியவள் உட்கார்ந்தாள். அப்படியே வருடங்கள் ஓடின. தெருத் தெருவாக அரிசி சேர்த்தோம். கஞ்சி சாம்பார் சாதமானது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அடுப்பு அணையவில்லை. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்துவிட்டது.

போன மாதம் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர், தொண்டு செய்கிறவர்களுக்கு என்று ஒரே மாதிரி நீலச் சேலைகள் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றோம். நீலச் சேலைகள் பரிமாறின, மற்றவர்கள் தட்டை நீட்டினார்கள். யார் பசித்தவள் என்று தெருவுக்கே தெரிந்துபோனது. என் புத்திக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

மாரியம்மாள் வருவதை நிறுத்திவிட்டாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். நேற்று தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரிந்த சுவடே இல்லை. சின்னவள் சுருண்டு கிடந்தாள்.

"ஏன்ட்டி வரல?" என்றேன்.

"இத்தன நாளும் ஒங்களுக்கு ஒத்தாசைக்குப் போறேன்னுதான் பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வருவேன். இப்ப என்னன்னு சொல்லிட்டு வரட்டும், அக்கா?"

சின்னவள் அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். என்னால் மாரியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி அழக்கூட வெட்கமாக இருந்தது.

சேலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சிக்கு வருத்தம்தான், இருக்கட்டும். நாளை காலையில் மாரி வீட்டு வாசலில் நின்று, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தப்போகிறேன். இது உங்கள் மேல் சத்தியம், மதினி:

"ஏட்டி மாரி, காய் வெட்ட ஆளில்லாம தவிக்கேன், சீக்கிரம் வா!"

உங்கள் நாத்தனார்,
செண்பகம்