தொட்டியின் தோல்

மே 20, செவ்வாய்

நூற்றிருபது எண்ணுவதற்குள் குடம் நிரம்புகிறது. குழாயில் குறை ஒன்றும் இல்லை. சனத்தின் வாயில்தான் குறை. ஏணியில் ஏறி, குளத்துத் தண்ணீரை மணலில் வடித்து ஊருக்குத் தரும் வடிதொட்டியை எட்டிப் பார்ப்பதும் முகத்தைச் சுளிப்பதும்! மண்ணின் மேல் பாசி வழுவழு என்று கிடக்கிறதாம். கிடக்கத்தான் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் தொட்டி கட்டித் தந்து, அதைப் பார்க்கும் வேலையை எனக்குப் பழக்கிய ஆர்த்திகா மிஸ் நூறு தரம் சொன்னார்: “அக்கா, அது ஊத்தை இல்ல, தோல். கோடிக்கணக்கான கிருமி ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டினது. குளத்துத் தண்ணியில வாற கெட்டதுகள அதுதான் பிடிச்சுத் தின்னும். மண் சும்மா மண்தான்.”

எனக்கே முதலில் அருவருப்பு. சட்டியில் கரி இருந்தால் நித்திரை வராத ஆள் நான். ஆனால் தொட்டி வந்த பிறகு இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் வயிற்றோட்டம் இல்லை. அதைப் பேச ஆள் இல்லை.

மே 27, செவ்வாய்

பக்கத்து வீட்டு வதனியின் பிள்ளை கபிஷா நடக்கிறது! குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று, என் சேலையில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனது. பொல்லாத குட்டி.

மே 30, வெள்ளி

வருடச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறக்க நாலு நாள். ஊரெல்லாம் வெள்ளையடிப்பு. கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் வல்லிபுரம் இன்று ஏணியில் ஏறினார்.

“கோயில் கிணறு வத்திப் போச்சு. அம்மாளுக்குக் குளிர்த்திப் பானை வைக்க இந்தத் தண்ணிதான். இந்தச் சளியிலயா வைக்கிற? பேர்தான் சீதேவிப்பிள்ளை, தொட்டியப் பாத்தா மூதேவி குடியிருக்கிற மாதிரிக் கிடக்கு.”

பத்துப் பெண்கள் நின்றார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னையா? ஊத்தைக்காரி என்று என்னையா?

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. எடுத்திருந்தாலும் கேட்டிருப்பேனா?

மே 31, சனி

செய்துவிட்டேன். மேல் மண் முழுவதையும் அள்ளி, ஏழு தண்ணீரில் அலசி, சுவரெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இடுப்பு முறிந்துவிட்டது. மாலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. வண்ணக்கர் கையெடுத்துக் கும்பிட்டார்.

தோல் திரும்பப் பிடிக்க மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அதுவரை தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல் வெளியே விட வேண்டும் என்று மிஸ் சொன்னது மறக்கவில்லை. மூன்று கிழமை விட்டால் சடங்குக்கு எங்கே போகிறது? தெளிவாகத்தானே இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

கீழைத் தெருவில் நாலு வீட்டில் வயிற்றோட்டம். மாம்பழம் தின்றதால் என்கிறார்கள். மாம்பழமாகவே இருக்கட்டும், தாயே.

ஜூன் 9, திங்கள்

குளிர்த்தி, சடங்கின் கடைசி நாள். பாதிச் சனம் வரவில்லை, பாயில் கிடக்கிறது. கபிஷாவுக்கும் காலையில் இருந்து. வதனியிடம் ஓடிப்போய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு என்றேன்.

“உங்கட தண்ணியையா மாமி?” என்று சிரித்தாள். “நீங்க கழுவின கழுவலுக்கு அதக் கொதிக்க வேற வைக்கணுமா?”

ஏன் என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஜூன் 12, வியாழன்

கபிஷா போய்விட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில்.

ஜூன் 14, சனி

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். போத்தலில் தண்ணீர் எடுத்தார். நான் மட்டும்தான் நின்றேன்.

“இந்த மண் கிட்டடியில கழுவினதா அம்மா?”

“இல்ல ஐயா.”

எழுதிக்கொண்டார். எல்லாரும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். பொய் எவ்வளவு லேசாக வருகிறது!

மாலையில் ஆர்த்திகா மிஸ் தானாகவே போன் எடுத்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அக்கா, தோலத் தொட்டீங்களா?” என்றார். போனை வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தார். நான் எடுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

கோயிலில் கூட்டம். கட்டாடியார் பூசையில் பிழை விட்டாராம். அதுதான் அம்மாள் கோபித்து ஊரைப் பிடித்தாளாம், பிள்ளையை எடுத்தாளாம். கோயில் சாவியைக் கேட்டார்கள். அந்த மனிதர் மடியில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருடப் பூசை.

நான் எழும்பினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ன சீதேவி?” என்றார் வண்ணக்கர்.

ஆருக்கும் தேத்தண்ணி ஊத்தவா என்று கேட்டேன். என்ன சென்மமடி நீ!

ஜூன் 22, ஞாயிறு

ஏணியில் ஏறிப் பார்த்தேன். மண்ணின் மேல் மெல்லிசாகப் பச்சை. மூன்று கிழமை, மிஸ் சொன்ன கணக்குத் தப்பவில்லை. ஊரில் இப்போது ஒருவருக்கும் நோய் இல்லை. அம்மாள் மனம் ஆறிவிட்டாளாம், புதுக் கட்டாடியாரின் கைராசியாம்.

யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும்? என்னைக் கொல்ல மாட்டார்கள். கொன்றாலும் பரவாயில்லை. வதனி முகத்தைத்தான் நினைக்க முடியவில்லை.

ஜூன் 28, சனி

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். முற்றத்தைத் தாண்டும் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான்தான் புள்ள, நான்தான்.

வதனி வாசற்படியில் இருந்தாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். என்னைக் கண்டதும் என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாமி, கடைசி ரெண்டு நாளும் புள்ள பால் எடுக்கல்ல, ஒண்டும் எடுக்கல்ல. உங்கட தண்ணியத்தான் கரண்டியால ஊத்தினன், குடிச்சிக் குடிச்சிக் கிடந்தது. வேற ஆரும் எங்களுக்கு ஒண்டும் செய்யல்ல. நல்ல தண்ணி குடிச்சிட்டுத்தானே போச்சு, என்ன மாமி?”

ஓம் புள்ள, என்றேன். நல்ல தண்ணிதான்.