ஆறாவது சுற்றில் நீ எடுத்த ஆட்கள்

என் பாசத்துக்கும், இப்போது கொஞ்சம் கோபத்துக்கும் உரிய செல்வம் அண்ணே,

நீ போனதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. காளவாசலில் காலையில் கடை ஷட்டரைத் தூக்கப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான் என்று போனில் சொன்னார்கள். உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டானா, இதற்கு எதற்குப் போன் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனுசன் அப்படிப் போவானா?

சமயநல்லூரில் மருந்துக் கடை வைத்திருப்பவள் நான். ஊருக்கெல்லாம் நெஞ்சு வலி மாத்திரை என் கையால்தான் போகிறது. நீயோ நெஞ்சைக் கரிக்கிறது என்று உன் கடைக்கு எதிர்க் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாயாம். என்னிடம் வந்தால் நாலு கேள்வி கேட்பேன் என்று பயந்தாயா? கேட்டிருப்பேன்தான். கேட்க விட்டிருக்கலாமே அண்ணே.

சரி, திட்டுவதற்காக எழுதவில்லை. நீ போன பிறகு உன் கூட்டாளிகள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட திகைப்பு இன்னும் தெளியவில்லை.

உங்கள் விளையாட்டை உனக்கே விளக்குவது வேடிக்கைதான். ஆனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள், பொறுத்துக்கொள். வருடா வருடம் டி20 போட்டிகள் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பாண்டி அண்ணனின் ஃபிளெக்ஸ் கடை மாடியில் ஐந்து பேரும் கூடுவீர்கள். சுற்றுக்குச் சுற்று சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, பாண்டி அண்ணன் அச்சடித்துத் தரும் எழுபத்தைந்து பேர் பட்டியலிலிருந்து, சுற்றுக்கு ஒருவராக ஆளுக்குப் பதினைந்து ஆட்டக்காரர்களை எடுப்பீர்கள். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் தொடக் கூடாது. அவர்கள் மைதானத்தில் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் உங்களுக்குப் புள்ளி. காசு பந்தயம் கிடையாது. கடைசியாக வருகிறவன் மற்ற நாலு பேரையும் வீட்டுக்கு அழைத்துக் கறிச்சோறு போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கறிச்சோறு அனேகமாக எல்லா வருடமும் உன் வீட்டில்தான் நடந்தது. மட்டனைக் கழுவிக் கழுவி அண்ணிக்கும் எனக்கும் கை வெளுத்துப் போகும்.

இத்தனைக்கும் நீ விவரம் தெரியாதவன் இல்லை. மேசையைச் சுற்றி இருப்பவர்களின் மனசு உனக்கு அத்துப்படி. சுந்தர் அண்ணன் போன வருடம் யார் அதிகம் அடித்தாரோ அவரைத் தாண்டி யோசிக்க மாட்டார். ரபீக் பாய் முக்கியமான ஆட்டத்தில் கேட்ச் விட்டவனைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பஸ் கண்டக்டர் சின்னராசு அண்ணன், பதினோராவது சுற்றில் புரோட்டா வந்து இறங்கியதும், வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டுப் பார்சலைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். நீ மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவாய்.

“மொதப் பத்துச் சுத்துல எல்லாப் பயலும் பேரைத்தான் எடுக்குறான் பாப்பா. கடைசி அஞ்சு சுத்துலதான் ஆள எடுக்குறான்” என்பாய்.

ஆனால் நீ எடுத்த ஆட்கள் இருக்கிறார்களே. வருடம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்கும் மாற்று விக்கெட் கீப்பர். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்த வேகப்பந்துக்காரர். எந்த அணியிலும் ஒட்டாமல் மாறி மாறிப் போகும் சுழற்பந்துக்காரர். கடைசிச் சுற்றில் எடுத்தால் போதும், அதுவரை அவர்களை யாரும் சீண்டப் போவதில்லை. உனக்குத்தான் பொறுக்காது. “விட்டா எவனாச்சும் தூக்கிருவான்” என்று ஆறாவது சுற்றிலேயே எடுத்துவிடுவாய். நட்சத்திர ஆட்டக்காரர்களை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

அப்போது அவர்கள் சிரிக்கும் சிரிப்பு மறுநாள் போனிலும் தொடரும். சமையலறை வரை கேட்கும். நீயும் சேர்ந்துதான் சிரிப்பாய். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். என் அண்ணன் இவர்களுக்குக் கூட்டாளியா, கோமாளியா? உன்னிடம் கேட்க நினைத்து வாய் வராமலே போன கேள்வி இது. நீ போன பிறகு அது என்னைத் தூங்க விடவில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாண்டி அண்ணன் கூப்பிட்டார். “தங்கச்சி, ஞாயித்துக்கெழம ஆள் எடுக்குறோம். செல்வம் எடத்துல நீ வந்து ஒக்காரணும்.” இந்த நிலைமையிலும் விளையாட்டா என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். என்னைத் தூங்க விடாத கேள்விக்குப் பதில் அந்த மாடியில்தான் கிடைக்கும் என்று தோன்றியது.

முதல் சுற்றுச் சீட்டில் எனக்குக் கடைசி இடம் விழுந்தது. முதல் இடம் பாண்டி அண்ணனுக்கு. நாட்டிலேயே பெரிய தொடக்க ஆட்டக்காரரைச் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த மாற்று விக்கெட் கீப்பரின் பெயரைச் சொன்னார். முதல் சுற்றில், முதல் ஆளாக.

அடுத்து ரபீக் பாய், முழங்கால் ஆபரேஷன் ஆள். சுந்தர் அண்ணன், அந்தச் சுழற்பந்துக்காரர். சின்னராசு அண்ணன், நீ இரண்டு வருடமாகத் தூக்கிச் சுமந்த, ஒரே ஆட்டம் ஆடி முட்டை போட்ட அந்த இளைஞன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. செத்த பிறகும் விட மாட்டார்களா?

“எங்க அண்ணனக் கேலி பண்ணத்தான் என்னையக் கூப்பிட்டிங்களா?” என்று எழுந்துவிட்டேன்.

பாண்டி அண்ணன் பதறிப் போனார். “அய்யோ தங்கச்சி, கேலியா? நான் மட்டுந்தேன் அவன் ஆள எடுக்கப் போறேன்னு நெனச்சேன். இவிங்க எதுக்கு எடுக்குறாய்ங்கன்னு எனக்கே வெளங்கல.”

அப்போதுதான் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை.

ரபீக் பாய்தான் மெல்லச் சொன்னார். “நான் தோக்கணும்னு வந்தேன்மா. கடைசியா வந்தா எங்க வீட்ல விருந்து. செல்வம் வீட்ல எம்புட்டு வருசம் தின்னுருக்கோம். இந்தத் தடவ அவன் பொண்டாட்டி புள்ளைக எங்க வீட்ல ஒக்காந்து சாப்புடணும். தோக்கணும்னா அவன் ஆளுகள எடுத்தாப் போதும்ல.”

“நானும் அதுக்குத்தேன் பாய்” என்றார் சின்னராசு அண்ணன். சுந்தர் அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் திரும்ப உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் என் அண்ணனைச் சுற்றி என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நிமிடத்தில் பொய்யாகிவிட்டது. இவர்கள் உன் மேல் இத்தனை பாசம் வைத்திருந்தது உனக்குத் தெரியுமா அண்ணே? தெரிந்துதான் சிரித்தாயா?

என் முறை வந்தது. பெரிய தலைகள் எல்லாம் தொடுவாரில்லாமல் கிடந்தார்கள். அள்ளியிருக்கலாம். ஆனால் விருந்து உன் வீட்டில் நடந்துதானே பழக்கம், அதை எதற்கு இவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? நானும் உன் ஆள் ஒருவரை எடுத்தேன். அதன் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஐந்து பேரும் தோற்பதற்காக மூளையைக் கசக்கினோம். நாட்டுக்கே கேப்டனாக இருந்தவர் பதினைந்தாவது சுற்றில் வேண்டாப் பொருளாக நின்றார். “நீ எடு”, “எனக்கு வேணாம், நீ எடு” என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்து, கடைசியில் அவர் சுந்தர் அண்ணன் தலையில் விழுந்தார். மனுசன் முகத்தில் ஈயாடவில்லை.

போட்டிகள் முடிந்துவிட்டன. என்னால் கடைசியாக வர முடியவில்லை, கடைசிக்கு முந்தைய இடம்தான். பாண்டி அண்ணன் போனில், “நாந்தேன் தங்கச்சி கடைசி. என்னைய ஒருத்தனும் அசைக்க முடியல” என்றார். பெருமையாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. அவர் அழுது முடிக்கும் வரை நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் விருந்து என்றால் அண்ணி வர வேண்டுமே. நீ போனதிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை. அவர் அம்மா உசிலம்பட்டிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. தயங்கித் தயங்கித்தான் எல்லாவற்றையும் சொன்னேன், தோற்பதற்காக அவர்கள் போட்டி போட்டது வரை. அண்ணி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

“எத்தன மணிக்கு வரச் சொன்னாக?”

அண்ணே, அவரை நான் அழைத்துப் போகிறேன். பிள்ளைகளும் வருவார்கள். அடுத்த வருடமும் உன் இடத்தில் உட்கார்ந்து, உன்னைவிட மோசமாக ஆள் எடுத்து, நாலு பேரையும் முந்திக்கொண்டு தோற்று, அந்தக் கறிச்சோற்றை நம் வீட்டுக்கே கொண்டுவருவேன். இது உன் மேல் சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் நாற்காலிக்கு இப்போது சண்டை போடுகிற,
உன் தங்கச்சி மல்லிகா.