பாரிவாக்கம் ஸ்டாப்பிங்

பாரிவாக்கம்,
14.7.1988

அன்புள்ள லட்சுமணன் அண்ணாவுக்கு,

எங்களுக்குக் கிடைக்கவிருந்த பஸ் ஸ்டாப்பைக் கெடுத்தது நீதான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் காலை பஸ் பூந்தமல்லியிலேயே நிரம்பிவிடுகிறது. நம் ஊரில் நிற்பதில்லை. எங்கள் மாத்திரை கம்பெனியில் எட்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். என்னோடு பேக்கிங்கில் இருக்கும் நஜ்மா ஓடிப்போய்த் தொற்றினாள், விழுந்தாள். கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்தது. அதைத்தான் கதையாக எழுதினேன். ஒரு வரிகூடக் கூட்டவில்லை.

கதை பத்திரிகையில் வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ரோட்டோரம் நின்றே சத்தமாகப் படித்தோம், முப்பது பெண்கள்! "ஐய, இது நம்ம கதைடீ!" என்று ஒரே கூச்சல். எழுத்தே தெரியாத தாயம்மாள் அக்கா, "இத்தையே மனுவா குட்த்துடலாம், இதுக்கு மேல இன்னா எழுதப் போறே?" என்றாள். கதையின் ஓரத்திலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா கைநாட்டு வைத்தாள். இதைவிட ஒரு பரிசு உண்டா அண்ணா? அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போனோம். மேனேஜர் கஜபதி நல்ல மனிதர். எங்கள் கெட்ட நேரம், இலக்கியம் படிப்பவர். இழுப்பறையிலிருந்து அடுத்த இதழை எடுத்தார். அதில் உன் கட்டுரை! 'என் தங்கையின் கதையில் வருவது பஸ் அல்ல, காலம். உடைந்த வளையல், விடுதலையின் ஓசை.' படித்துவிட்டு, "இன்னா ஆழம்மா! மதுரை காலேஜ் வாத்தியாரு, உங்க அண்ணனே சொல்லிட்டாரு. காலத்துக்கு நான் எப்டிம்மா ஸ்டாப்பிங் போட்றது?" என்று சிரித்தார்.

நஜ்மா விடவில்லை. "நான் காலத்துல தொங்கல சார், ஃபுட்போர்டுல தொங்கிகினு இருந்தேன். விடுதலைக்கு நாலு தையல் போடுவாங்களா?" என்று கையை நீட்டினாள். அவர் முகம் சிறுத்துப்போனது. "நெஜமா நடந்ததுன்னு உங்க அண்ணன் எழுதிக் குடுத்தா மேல அனுப்பறேன். இருபத்தஞ்சாம் தேதி வாங்க" என்றார்.

நஜ்மாவுக்கு இந்த மாதம் இரண்டு தடவை கேட் மூடிவிட்டது. மூன்றாவது தடவை வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

ஒளிக்காமல் சொல்கிறேன். உன் கட்டுரையை முதலில் படித்தபோது எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. என் கதைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். ஆழம் தேடாதே என்று உனக்குச் சொல்ல நான் யார்? ஆனால் மேலே நிற்கிறவளை மிதித்துக்கொண்டா ஆழத்துக்கு இறங்குவது? பஸ் வரட்டும், ஏறி உட்காருவோம், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் தேடு. அதே இடத்தில் மூன்று வருஷம் நின்று, அதே பஸ்ஸைத் துரத்தியவன் நீ. அன்றைக்கு அதைக் 'காலமே' என்று கூப்பிட்டா திட்டினாய்?

அப்பாவும் அம்மாவும் சுகம். உன் பெயர் அச்சான பக்கத்தை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

இருபத்தைந்தாம் தேதிக்குள் உன் கைப்பட எழுதி அனுப்பு. 'கதையில் வருவது பஸ்தான். அது பாரிவாக்கத்தில் நிற்பதில்லை. எனக்குத் தெரியும்.' இவ்வளவுதான். எழுதுவாயா?

உன் தங்கை,
சுசீலா